திருந்திய கொள்ளைக்காரன் 1992இல் பிறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் உலக சினிமா தொடரில் கௌபாய் படங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஜான் ஃபோர்டில் ஆரம்பித்து செர்ஜியோ லியோனி வழியாக கிளின்ட் ஈஸ்ட்வுட்வரை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது லேசான வேலை இல்லை, எழுதியவர் உழைத்திருக்கிறார். ஆனால் 'அன்ஃபர்கிவன்' பற்றிச் சொல்லும் இடத்தில், 1992இல் அந்தப் படம் வரும்வரை கௌபாய் படங்களில் நல்லவன் நல்லவனாகவும் கெட்டவன் கெட்டவனாகவுமே இருந்தான், செய்த கொலைகளை நினைத்துக் கூசிப்போகும் ஒருவனை ஈஸ்ட்வுட்தான் முதலில் காட்டினார் என்ற பொருளில் எழுதியிருந்தார். அது சரியில்லை. சின்ன விவரப் பிழை என்று விட்டுவிடவும் முடியவில்லை, ஏனென்றால் அந்த ஒரு வரியால் ஒரு தலைமுறை இயக்குநர்கள் செய்த வேலையே காணாமல் போகிறது.

சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் என்ற கௌபாய் நாயகர்களைப் படித்து வளர்ந்த வாசகர்கள் உங்களுக்கு ஏராளம். இந்த வகைக் கதை அவர்களுக்குப் புதிதில்லை. அவர்களுக்கு எழுதும்போது முன்னால் யார் என்ன செய்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்லவேண்டும்.

1950இலேயே ஹென்றி கிங் இயக்கத்தில் கிரிகரி பெக் நடித்த 'த கன்ஃபைட்டர்' வந்துவிட்டது. ஜிம்மி ரிங்கோ என்கிற பேர்பெற்ற துப்பாக்கிக்காரன், எந்த ஊருக்குப் போனாலும் அவனைச் சுட்டுப் பேர் வாங்கத் துடிக்கும் ஒரு பையன் அங்கே இருக்கிறான், இவனுக்கோ பெண்டாட்டியையும் மகனையும் ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருக்கிறது. கடைசியில் அப்படி ஒரு பையன் கையால்தான் சாகிறான். சாகும்போது, நான்தான் முதலில் துப்பாக்கியை எடுத்தேன் என்று சொல்லச் சொல்கிறான். சுட்டவனைக் காப்பாற்ற இல்லை, தான் பட்ட பாட்டையெல்லாம் இனி அவன் படட்டும் என்று. இது ஈஸ்ட்வுட் படத்துக்கு 42 வருஷம் முந்தியது.

ஆனால் நான் முக்கியமாக எழுத வந்தது வேறொரு படத்தைப் பற்றி. ஆந்தனி மான் இயக்கி, கேரி கூப்பர் நடித்து 1958இல் வந்த 'மேன் ஆஃப் த வெஸ்ட்'. திருந்திய கொள்ளைக்காரன் ஒருவன் தன் பழைய வாழ்க்கைக்கு எதிரே போய் நிற்கவேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தைரியமாகக் காட்டிய கௌபாய் படம் வேறு இல்லை என்பது என் எண்ணம், 'அன்ஃபர்கிவன்' உட்பட.

கதை எளிது. லிங்க் ஜோன்ஸ் என்கிற நடுத்தர வயதைத் தாண்டிய ஆள், குட் ஹோப் என்ற சின்ன ஊர்க்காரன், மனைவி குழந்தைகள் உண்டு. ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆசிரியை வேண்டும் என்று சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு ஃபோர்ட் வொர்த்துக்கு ரயில் ஏற வருகிறான். அவனை நமக்கு அறிமுகப்படுத்தும் விதத்தைப் பாருங்கள். ரயில் எஞ்சின் ஆவி விட்டால் திடுக்கிடுகிறான். உள்ளே ஏறினால் அவ்வளவு நீளமான காலை எங்கே மடக்கி வைப்பது என்று தெரியாமல் இருக்கையில் அல்லாடுகிறான். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் முகத்தில் பயம். யாரோ பட்டிக்காட்டான் என்று நாம் லேசாகச் சிரிக்கிறோம். ஆனால் அதற்கு முன்பே ஸ்டேஷனில் சட்ட அதிகாரி ஒருவர் அவன் முகத்தை உற்றுப் பார்த்துப் பேர் கேட்கும்போது அவன் பொய்ப்பேர் சொல்வதையும் காட்டிவிடுகிறார் மான். அந்தப் பயமும் அந்தப் பொய்யும் ஒரே முகத்தில் ஒட்டாமல் நிற்கின்றன. எதையோ மறைக்கிறான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் எவ்வளவு பெரிய விஷயத்தை என்று தெரிவதில்லை.

வழியில் விறகு ஏற்ற நின்ற ரயிலைக் கொள்ளைக்கூட்டம் தாக்குகிறது. பணப்பை போகிறது, ரயிலும் போய்விடுகிறது. லிங்க், சூதாடிப் பிழைக்கும் சாம் பீஸ்லி, மதுக்கூடத்தில் பாடும் பில்லி எல்லிஸ் மூன்று பேரும் நடுக்காட்டில் நிற்கிறார்கள். லிங்க் அவர்களை ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போகிறான். அந்த வீடு அவன் வளர்ந்த வீடு. உள்ளே இருப்பது அவனை வளர்த்த மாமன் டாக் டோபினும் அவனுடைய கூட்டமும்.

இந்த டாக் டோபினாக நடித்தவர் லீ ஜே. காப். திரைக்கதை ரெஜினால்ட் ரோஸ். ஒரு வருஷம் முன்னால் வந்த '12 ஆங்ரி மென்' படத்தை எழுதியவரும் இவர்தான், அதில் கடைசிவரை பிடிவாதமாக நிற்கும் மூன்றாம் ஜூரியாக நடித்தவரும் இதே காப்தான். பெற்ற மகன்மேல் இருக்கும் கோபத்தை, கொலைக்குற்றம் சாட்டப்பட்டு நிற்கும் ஊரான் வீட்டுப் பையன்மேல் காட்டும் தகப்பன் அவர் அங்கே. இங்கே, ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று உருகும் கிழவன். அந்த உருக்கம்தான் படத்திலேயே பயங்கரமான விஷயம். லிங்க்கைப் பார்த்ததும் அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம். பழைய கொலைகளைச் சொந்தபந்தம் கூடிய வீட்டில் கல்யாணக் கதை பேசுவதுபோல ரசித்து ரசித்துப் பேசுகிறான், அதுவும் "நாம்" என்று சொல்லித்தான் பேசுகிறான். நான் பிடித்துக்கொண்டேன், நீ சுட்டாய் என்று. அந்தப் பேச்சு போகும்போது கேமரா கூப்பரின் முகத்தை விடுவதில்லை. கூப்பர் ஒன்றுமே செய்வதில்லை. மறுக்கவும் இல்லை. மறுக்க முடியாது, ஏனென்றால் அத்தனையும் நடந்தது. பக்கத்தில் பில்லியும் பீஸ்லியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய பாவத்தை நினைத்துக் கூசும் மனிதன் என்றால் இதுதானே ஐயா? முகத்தில் தழும்போ, தூக்கத்தில் அலறலோ, நீளமான வசனமோ எதுவும் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் கேரி கூப்பர் யார் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1952இல் 'ஹை நூன்' படத்தில் ஊரே கைவிட்ட பிறகும் தனியாக நின்ற மார்ஷல், அதற்கு ஆஸ்கர் வாங்கியவர். அமெரிக்காவில் நேர்மைக்கு ஒரு முகம் வரையச் சொன்னால் அன்றைக்கு இவர் முகத்தைத்தான் வரைந்திருப்பார்கள். அந்த முகத்தை எடுத்து, இவன் ஒரு காலத்தில் பணத்துக்காக மனிதர்களைக் கொன்றவன் என்று சொன்னார் மான். ஒரு வில்லன் நடிகரை வைத்து இதைச் செய்திருந்தால் பாதி வலுகூட இருந்திருக்காது. கூப்பருக்கு அப்போது 57 வயது, மாமனாக நடித்த காப் அவரைவிடப் பத்து வயது இளையவர், அதனால் பொருந்தவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. இளைஞன் ஒருவன் திருந்திவிட்டேன் என்றால் நாளைக்கு மாறிவிடுவான் என்று தோன்றும். பல வருஷம் ஒழுங்காக வாழ்ந்து, முகமெல்லாம் சுருக்கம் விழுந்த பிறகு ஒருவனைப் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் அவன் எதை இழக்கப்போகிறான் என்பது நமக்கு உறைக்கும்.

அடுத்து நடப்பதுதான் இந்தப் படத்தை மற்ற படங்களிலிருந்து பிரிக்கிறது. கூட்டத்தில் கோலி என்று ஒருவன், ஜாக் லார்டு நடித்தது. அவன் லிங்க்கின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, பில்லியை எல்லோர் முன்னாலும் உடைகளைக் களையச் சொல்கிறான். கத்தி பட்டு ரத்தம் வருகிறது. லிங்க்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டாக் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போதும் என்கிறான். தணிக்கை விதிகள் கடுமையாக இருந்த 1958இல் இதை எடுத்திருக்கிறார்கள். உண்மையில் காட்டுவது ரொம்பக் குறைவு, ஆனால் பார்க்கவே முடியாது.

மறுநாள் பயணத்தில் லிங்க் வேண்டுமென்றே கோலியைச் சண்டைக்கு இழுக்கிறான். நீளமான சண்டை. அழகே இல்லாத சண்டை, இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, மண்ணில் புரண்டு, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் மறுபடி பாய்ந்து. கோலி விழுந்த பிறகு லிங்க் நிறுத்துவதில்லை. அவன் உடைகளைக் கிழிக்க ஆரம்பிக்கிறான், ஒவ்வொன்றாக. நேற்று ராத்திரி கோலி பில்லிக்குச் செய்ததை இவன் இப்போது கோலிக்குச் செய்கிறான். முதல் சில நொடிகள் நமக்கு "நல்லா வேணும்" என்றுதான் இருக்கும். அப்புறம் அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்போது, தோற்றவன் அழும்போது, நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் போகிறது. டாக்குக்கோ ஏக மகிழ்ச்சி, வளர்த்த பிள்ளை இன்னும் எதையும் மறக்கவில்லை என்று. அவமானம் தாங்காமல் கோலி துப்பாக்கியை எடுக்கிறான், நடுவில் வந்து விழுந்த பீஸ்லி சாகிறான், கோலியை டாக் சுடுகிறான். பீஸ்லி யாருக்கும் பெரிய கெடுதல் செய்யாத, வாய்ப்பேச்சில் வயிற்றைக் கழுவிய மனிதன். லிங்க்கின் கோபத்துக்கு முதல் பலி அவன்தான்.

படத்தில் ஓரிடத்தில் லிங்க் பில்லியிடம் மனம் விட்டுப் பேசுகிறான். இவர்கள் எல்லோரையும் கொல்லவேண்டும் என்று எனக்குள் எழுகிறது, போன நோய் திரும்பி வந்தமாதிரி இருக்கிறது, அப்படித் தோன்றுவதாலேயே நானும் அவர்களில் ஒருவன் ஆகிவிடுகிறேன் என்கிற அர்த்தத்தில். இதுதான் படம் கேட்கும் கேள்வி. கொலைகாரர்களிடமிருந்து தப்பிக்க அவனிடம் இருப்பது அவர்கள் கற்றுக்கொடுத்த வித்தை மட்டும்தான். எந்த வித்தையை விட்டு ஓடிப்போய் மனிதன் ஆனானோ அதை மறுபடி கையில் எடுத்தால்தான் வீட்டுக்குப் போய்ச் சேர முடியும்.

'அன்ஃபர்கிவன்' படத்தோடு ஒப்பிடுங்கள். ஈஸ்ட்வுட் நடித்த வில் மன்னி என்ற பழைய கொலைகாரன் படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வருகிறான், செத்துப்போன மனைவிதான் என்னைக் குடியிலிருந்தும் கெட்ட வழியிலிருந்தும் மீட்டாள், நான் இப்போது அப்படி இல்லை என்று. நண்பன் நெட் செத்த சேதி கேட்டதும் விஸ்கி பாட்டிலை வாங்கிக் குடிக்கிறான், பழைய மன்னி வந்துவிடுகிறான். மிகச் சிறந்த காட்சி, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ஒரு மது பாட்டில் இருக்கிறது. அது இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்ள நமக்கு ஒரு இடம் மிச்சமிருக்கிறது. லிங்க் ஜோன்ஸுக்கு அந்தச் சாக்கு கிடையாது. முழு நிதானத்தில், வெயிலில், காலையில் எழுந்து செய்கிறான். அதனால்தான் 1958 படம் எனக்கு இன்னும் கடுமையானதாகப் படுகிறது.

ஈஸ்ட்வுட்டைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தான்தான் ஆரம்பித்து வைத்ததாக அவர் உரிமை கொண்டாடவும் இல்லை. படத்தைத் தன் குருநாதர்களான செர்ஜியோ லியோனிக்கும் டான் சீகலுக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார். டேவிட் வெப் பீப்பிள்ஸ் எழுபதுகளில் எழுதிய திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்துக்கேற்ற வயது தனக்கு வரும்வரை வருஷக்கணக்கில் காத்திருந்தவர். சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட நான்கு ஆஸ்கர் கிடைத்ததும் நியாயம்தான். இன்னொன்றிலும் அது மேலே நிற்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் லாசூ. டாக் டோபினுக்கு வாழ்நாள் கனவு லாசூ என்ற ஊரின் வங்கியைக் கொள்ளையடிப்பது. அதைப் பற்றியே பேசுகிறான், அதற்குத்தான் லிங்க்கைக் கூடவே வைத்திருக்கிறான். லிங்க்கும், வாய் பேசாத ட்ரவுட் என்பவனும் முன்னால் போகிறார்கள். போய்ப் பார்த்தால் ஊரே இல்லை. சுரங்கம் ஓய்ந்து, ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போய், காற்றில் புழுதி பறக்கும் வெறும் தெரு. வங்கி என்று நினைத்துப் போன கட்டடத்துக்குள் பயந்துபோன ஒரு மெக்சிகோக்காரப் பெண்மணி மட்டும் இருக்கிறாள். ட்ரவுட் அவளைச் சுட்டுவிடுகிறான். லிங்க் ட்ரவுட்டைச் சுடுகிறான். படம் முழுக்க ஒரு சத்தம் போடாத ட்ரவுட், குண்டு பாய்ந்ததும் அலறிக்கொண்டே அந்தக் காலித் தெருவில் ஓடி, ஓடி, தூரத்தில் போய் விழுகிறான். கேட்க அங்கே ஆள் இல்லை. கௌபாய் படங்களில் எத்தனையோ பேர் சுடப்பட்டுச் செத்திருக்கிறார்கள், பொத்தென்று விழுந்துவிடுவார்கள், கணக்கில்கூட வரமாட்டார்கள். இந்தச் சாவு அப்படிக் கடந்துபோவதில்லை.

பின்னாலேயே தேடி வரும் கிளாட், லிங்க்கோடு சேர்ந்து வளர்ந்த உறவுக்காரன். ஜான் டெனர் நடித்தது. கூட்டத்தில் அறிவுள்ளவன் அவன்தான். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவனுக்கும் தெரியும், ஆனாலும் விட்டுப்போக மனமில்லாமல் கூடவே இருக்கிறான். அதாவது லிங்க் ஓடிப்போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பானோ அதுதான் கிளாட். அவர்கள் இருவரும் காயத்தோடு, ஒருவன் மரத்திண்ணைக்கு மேலேயும் ஒருவன் அடியிலுமாகப் படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சுடுவதற்குக் காத்திருக்கும் காட்சியை அகலத்திரையில் பார்க்கவேண்டும். இரண்டு உடம்பும் நீட்டி நிமிர்ந்து திரையின் அகலத்தை நிரப்புகின்றன. ஒளிப்பதிவு ஏர்னஸ்ட் ஹாலர், 'கான் வித் த விண்ட்' படத்துக்கு வேலை செய்தவர். இரண்டு பக்கமும் வெட்டிச் சதுரமாக்கிய பிரதியில் பார்த்தால் இந்தக் காட்சி ஒன்றுமே இல்லாமல் போய்விடும், பார்ப்பவர்கள் தயவுசெய்து முழு அகலப் பிரதியைத் தேடிப் பாருங்கள். ஆரம்பத்தில் மரமும் புல்லுமாக இருந்த நிலம் கதை போகப் போகக் காய்ந்து, கடைசியில் வெறும் பாறை ஆகிவிடுவதும் அப்போதுதான் கண்ணில் படும்.

இப்போது என் குறை. லிங்க் லாசூவிலிருந்து திரும்பி வரும்போது, முகாமில் இருந்த பில்லியை டாக் பலாத்காரம் செய்திருக்கிறான். அதன்பிறகு படம் லிங்க்கோடு பாறை மேலே ஏறிப்போய்விடுகிறது, டாக்கை அவன் எதிர்கொள்வதுதான் அதற்கு முக்கியம். பில்லியின் வேதனை லிங்க்கின் கடைசிக் கொலைக்கு ஒரு காரணமாகச் சுருங்கிப்போகிறது. பில்லியாக ஜூலி லண்டன் அவ்வளவு நன்றாக நடித்திருந்தும், அந்த முகத்தோடு இருக்கப் படத்துக்கு நேரமில்லை. பிறகு அவள் வண்டியில் உட்கார்ந்து, கிடைக்காது என்று தெரிந்தும் அவன்மேல் வைத்த அன்பைப் பற்றிப் பேசுகிறாள். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் அவளுக்கு நடந்ததைப் பற்றி அவளே பேச ஒரு வரி கொடுத்திருக்கலாம். 'அன்ஃபர்கிவன்' மேலே நிற்கும் இடம் இதுதான். முகத்தில் வெட்டுப்பட்ட ஒரு பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை, அதனால் கூட இருக்கும் பெண்கள் காசு சேர்த்து 1,000 டாலர் பரிசு அறிவிக்கிறார்கள் என்றுதான் அந்தக் கதையே தொடங்குகிறது. 34 வருஷத்தில் எது மாறியது என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கவேண்டியது இதைப் பற்றித்தான்.

டாக்கின் முடிவையும் வீரமாக எடுக்கவில்லை மான். பாறைமேல் நின்று கத்தும் ஒரு கிழவன், காலம் கடந்துபோனது தெரியாதவன். அவனைச் சுட்டுவிட்டு, உடம்பிலிருந்து ஊர்ப்பணத்தை எடுத்துக்கொள்கிறான் லிங்க். ஆசிரியையை வேலைக்கு வைத்தானா, பள்ளிக்கூடம் நடந்ததா, வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொன்னான், ஒன்றும் காட்டவில்லை. இத்தனை பேரைக் கொன்றுவிட்டுத் திரும்பும் அவன் புறப்பட்டபோது இருந்த அதே ஆள்தானா என்பதற்கும் படம் பதில் சொல்லவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்தப் படத்தை அன்றைக்கே அடையாளம் கண்டுகொண்டவர்களில் ஒருவர் பிரான்சின் ழான் லுக் கோதார். 'காயே து சினிமா' இதழில் மானைக் கொண்டாடி எழுதினார், அப்போது அவர் தன் முதல் முழுநீளப் படத்தை இன்னும் எடுக்கவில்லை. மானுக்கோ இதற்குப் பிறகு அதிக காலம் இல்லை, 1967இல் ஒரு படப்பிடிப்பின் நடுவிலேயே பெர்லினில் இறந்துபோனார். கூப்பர் 1961இலேயே போய்விட்டார்.

தொடர் இன்னும் சில வாரம் வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வாரத்தை ஆந்தனி மானுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோடு அவர் செய்த 'வின்செஸ்டர் 73', 'பெண்ட் ஆஃப் த ரிவர்', 'த நேக்கட் ஸ்பர்' மூன்றைப் பற்றி மட்டும் எழுதினாலே ஒரு பக்கம் போதாது. அதிலும் 'பெண்ட் ஆஃப் த ரிவர்' 1952இல் வந்தது, பழைய கொள்ளைக்காரன் ஒருவன் குடியேறிகளுக்கு வழிகாட்டியாகப் போகும் கதை, கழுத்தில் தூக்குக்கயிற்றின் தழும்பை மறைத்துக்கொண்டு. 1992 பற்றிய அந்த வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்பும் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி